கோடிங் படிக்கிறவனுக்கு வெல்டிங் எதற்கு?

கேள்வி: என் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். முதலாண்டில் அவனுக்கு வெல்டிங்கும் தச்சு வேலையும் எதற்கு?

பதில்: வீட்டுக் கதவு கழன்றால் உதவும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்போதும் அவன் செயலியில் தச்சரைத்தான் தேடுவான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் எல்லாப் பிரிவினரையும் பட்டறைக்கு அனுப்புவதில் வேறு நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய விபத்தைப் பாருங்கள். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். மென்பொருளில் பிழை. இதில் வேடிக்கை, முந்தைய மாடலான தெராக்-20இலும் அந்தப் பிழைகளில் ஒன்று இருந்தது. அங்கே மென்பொருளை நம்பாத தனிப் பாதுகாப்பு அமைப்பு இருந்ததால் ஃபியூஸ் போனது, ஆள் தப்பித்தார். புது மாடலில் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அதை நீக்கிவிட்டார்கள்.

அந்த இயந்திரத்தை உருவாக்கியவர்கள் வெல்டிங் பழகியிருந்தால் இது நடந்திருக்காதா என்று கேட்பீர்கள். அப்படி உத்தரவாதம் தர முடியாது. மோசமான சோதனை முறை, புகார்களை அலட்சியம் செய்தது என்று காரணங்கள் பல. ஆனால் திரையில் வரும் பிழையை அழித்துவிடலாம், தவறாக அறுத்த மரத்தைப் பழையபடி ஆக்க முடியாது என்பதைப் பதினெட்டு வயதில் கை தெரிந்துகொள்வது நல்லது. இன்று அவன் எழுதும் நிரல் காரின் பிரேக்கிலும் ஓடலாம் அல்லவா?

நிஜத்தில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதுதானே நடக்கிறது என்கிறீர்களா? பல கல்லூரிகளில் அதுதான் நிலைமை. அதற்குப் பட்டறையை மூட வேண்டாம், நோட்டை மூடினால் போதும்.