கோம்பை நாயா தம்பி?

1988-ல் கேம்ப் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கும் என் மனைவிக்கும் ஞாபகம் வரக்கூடியது ஒன்றே ஒன்றுதான். கூடலூரைத் தாண்டி, குமுளி மலை ஏறத் தொடங்கும் இடத்தில், பெரியாற்றுத் தண்ணீரைக் கீழே இறக்கும் ராட்சதக் குழாய்களின் அடியில் இருக்கிற லோயர் கேம்ப். கோடை விடுமுறையில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ராத்திரிக்கு ஓரிடத்தில் தங்கி, பொங்கித் தின்று திரிவதற்கும் அதுதான் பெயர் என்று பல வருஷம் கழித்து எங்கள் மகள் சொல்லித் தெரிந்துகொண்டோம். பெயர் தெரியாமலே அதைச் செய்துவிட்டிருந்தோம்.

கல்யாணமாகி முதல் கோடை அது. நான் மதுரையில் பள்ளி ஆசிரியர், மே மாதம் முழுக்க லீவு. மாமனார் வீடு கம்பத்தில். அவரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. ஏலக்காய்ப் பருவத்தில் விடிவதற்கு முன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறும்; கோடையில் எடுப்பு இல்லாததால் பாதி நாள் வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும். அதைத்தான் கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். "பிள்ளையக் கூட்டிட்டு எங்க வேணாலும் போங்க மாப்பிள்ளை. கருவாயன் இல்லாம மட்டும் போகாதீக."

கருவாயன் அவர் வளர்த்த நாய். உடம்பு செவலை, மூஞ்சி கரி பூசினாற்போலக் கறுப்பு. கம்பம் பள்ளத்தாக்கில் கருவாய்ச் செவலை என்று சொன்னால் அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை, கோம்பை நாய். மேற்கு மலையடிவாரத்தில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோம்பை என்கிற ஊரின் பெயரையே சுமந்துகொண்டு, காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கும் வம்சம். வீட்டாள் யார், வெளியாள் யார் என்பதில் அதற்குச் சந்தேகமே வராது. மாப்பிள்ளையான என்னை வீட்டாளாக ஏற்றுக்கொள்ள அது எட்டு மாதம் எடுத்துக்கொண்டது.

களத்தில் நெல் மூடுகிற தார்ப்பாய் ஒன்று, கோரைப்பாய் இரண்டு, அரிக்கேன் விளக்கு, தூக்குவாளி, பம்ப் ஸ்டவ், அதற்கு மண்ணெண்ணெய் ஒரு கேன். இவ்வளவுதான் எங்கள் சாமான். அந்த ஸ்டவ்வை இன்று நினைத்தாலும் விரல் நுனியில் மண்ணெண்ணெய் மணக்கிறது. முதலில் கிண்ணத்தில் எண்ணெய் விட்டுக் கொளுத்தி, தலை சூடாகும்வரை காத்திருந்து, பிறகு ஒரு கை காற்றடித்து, மஞ்சளாக எழும்புகிற சுடர் மெல்ல நீலமாகிச் சீறத் தொடங்கும் அந்தக் கணத்துக்காக நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அடைத்துக்கொண்டால் குத்த ஒரு பின் உண்டு. அந்தப் பின் தொலைந்துவிடக் கூடாது என்று என் மனைவி அதைத் தாலிக்கயிற்றில் மாட்டி வைத்திருந்தாள். இப்போது எங்களிடம் இருக்கும் சின்ன காஸ் அடுப்பு உள்ளங்கையில் அடங்குகிறது, திருகினால் எரிகிறது, மழையிலும் அணையாது. நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுற்றி யாரும் உட்காருவதில்லை.

முதல் ராத்திரி வீரபாண்டியில். கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கேம்பிங் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அதை அந்த முல்லையாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்கிறார்கள் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். மாடுகளை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டிவிட்டு, வண்டிக்கடியிலேயே படுக்கை விரித்து, மூன்று கல் கூட்டி உலை வைத்திருந்தார்கள். அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்துவந்து நேர்ச்சை முடித்தவர்கள், பிள்ளை குட்டிகளோடு ஆற்றில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜீப்புக்குப் பக்கத்து வண்டியில் இருந்த அம்மா, நாங்கள் உலை வைப்பதற்குள் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கருவாயனைப் பார்த்து, "இதுக்குக் குழம்பு ஊத்தாதீக, உப்பு சேராது" என்றாள்.

இன்று தேனியிலிருந்து குமுளி போகிறவர் நினைத்தால் வீரபாண்டியையும் சின்னமனூரையும் உத்தமபாளையத்தையும் கம்பத்தையும் தொடாமலே போய்விடலாம். எல்லாவற்றுக்கும் புறவழிச்சாலை வந்துவிட்டது. அன்று ஒவ்வொரு ஊரும் எங்களை நிறுத்தி வைத்தது. சந்தை நாளென்றால் அரை மணி நேரம், சாமி ஊர்வலம் என்றால் ஒரு மணி நேரம். தேனியிலே ரயில்வே கேட். போடியிலிருந்து மதுரை போகும் மீட்டர்கேஜ் வண்டி அசைந்து அசைந்து வரும்வரை கேட்டுக்கு இருபுறமும் ஊரே நிற்க, அது ஊதினால் கருவாயனும் தலையைத் தூக்கி ஊளையிடும். அகலப் பாதைக்காக அந்த வண்டியை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். திரும்பவும் போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூனில். இடைப்பட்ட பன்னிரண்டரை வருஷத்தில் பிறந்த நாய்களுக்கு ரயில் சத்தமே தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

வீரபாண்டிக்குப் பிறகு இரண்டு ராத்திரி வயலில். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கரும் மே மாதத்தில் அறுவடை முடிந்து வெறும் தாளாகக் கிடக்கும். முதல் போகத்துக்கு ஜூன் ஒன்றாம் தேதி வாக்கில் தண்ணீர் திறந்துவிடுவதுதான் அங்கே வழக்கம். அதற்குள் வயலுக்கு எரு சேர வேண்டுமென்று ஆட்டுக் கிடை போடுவார்கள். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், மூங்கில் படல் சுற்றி நிறுத்தி, குட்டிகளைக் கூட்டில் கவிழ்த்துவிட்டு, ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரி ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பை நிறுத்திவிட்டு, இங்கே ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியின் காலடியில் நின்ற கருவாயனைத்தான் பார்த்தார்.

"கோம்பை நாயா தம்பி?"

"ஆமாண்ணே. கம்பத்துல மாமனார் வீட்டுது."

"அப்பச் சரி. நம்மகிட்டயும் ரெண்டு கிடக்கு. முதல்ல அதுக பேசி முடிக்கட்டும்."

மூன்று நாய்களும் ஒன்றையொன்று சுற்றிவந்து, மோந்து பார்த்து, உறுமி, ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் நாங்கள் தார்ப்பாயை இறக்கினோம். ஜீப்பின் கம்பியில் ஒரு தலைப்பு, வரப்பில் நட்ட இரண்டு குச்சியில் மறு தலைப்பு. நடுச்சாமத்தில் நரியோ என்னவோ வந்தது. ஆடுகள் அசை போடுகிற சத்தம் திடீரென்று நின்றதில் விழித்துக்கொண்டேன். கருவாயன் எங்கள் தலைமாட்டில் எழுந்து நின்றுகொண்டிருந்தது. குரைக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து வால்வரை முதுகு மயிர் ஒரே கோடாகக் குத்திட்டு நின்றது, அதற்கடியில் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓர் ஆடு அசை போட ஆரம்பித்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அதற்கப்புறம்தான் நாய் படுத்தது. இத்தனை வயதுக்குள் எத்தனையோ இடங்களில் படுத்திருக்கிறேன். அவ்வளவு பத்திரமாக ஒரு ராத்திரி தூங்கியதில்லை.

மேகமலைக்குப் போனதைச் சொல்லும்போது மட்டும் மனசு இரண்டாகிறது. சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தப் பாதை அன்று கல்லும் குழியுமான எஸ்டேட் ரோடு. பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் என் மனைவி தீக்குச்சி போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். கேட்டில் இருந்த வாட்ச்மேனும் கருவாயனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் விட்டார். இறங்கும் வழியில், காய்ந்த புல் இடுப்பளவு நின்ற சரிவில், மூன்று கல் வைத்துச் சுள்ளி எரித்துச் சோறு பொங்கினோம். சாப்பிட்டுவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி நெருப்பை மூடிவிட்டு வண்டியேறினோம். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காட்டுத்தீ கொண்டுபோன செய்தியை டிவியில் பார்த்த ராத்திரி, என் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாம அன்னிக்குத் தண்ணி ஊத்தி அணைச்சமா?" இருவருக்குமே ஞாபகமில்லை.

போன கோடையில் மறுபடி போனோம். மகளுடைய ஏற்பாடு. விரித்தால் தானே நிமிர்கிற கூடாரம், மடக்கு நாற்காலி, காரின் பின்சீட்டில் நாய்க்கென்று தொட்டில் மாதிரி ஒரு விரிப்பு. நாயும் கோம்பைதான், பெண் நாய், கரிமூஞ்சி, செவலை. ஏலக்காயை நினைத்து மகள் வைத்த பெயர் ஏலா. கருவாயனும் மாமாவும் போய் எவ்வளவோ வருஷமாயிற்று. அன்று மாமா கடுதாசி எழுதினால் முகவரியில் மதுரை மாவட்டம் என்றிருக்கும். 1996-ல் தேனி தனி மாவட்டமாகி, அந்தப் பழைய முகவரியும் போய்விட்டது.

முதல் ராத்திரி மலையடிவாரத்தில் ஒரு விடுதி. புல்தரையில் வரிசையாகக் கூடாரம் போட்டே வைத்திருந்தார்கள். மகள் பெங்களூரிலிருந்தே பணம் கட்டியிருந்தாள், ஏலாவுக்கும் சேர்த்து. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாயைப் பற்றிய படிவத்தில் இனம் என்ற இடத்தில் லாப்ரடார், பக் என்று ஒரு வரிசை, கோம்பை இல்லை. என் மனைவி 'மற்றவை' என்பதில் டிக் அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் கோம்பை என்று எழுதினாள். பக்கத்துக் கூடாரத்துத் தம்பியும் பெண்ணும் ஹஸ்கி நாய் கூட்டிவந்திருந்தார்கள். மே மாத வெயிலில் அது நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துக்கொண்டு கிடந்தது. என் மனைவி துண்டை நனைத்து அதன் வயிற்றில் போட்டாள். அந்தத் தம்பி நன்றி சொல்லிவிட்டு, ஏலாவைக் காட்டி, "ரொம்ப அழகா இருக்கு அங்கிள், எங்க இருந்து வாங்கினீங்க?" என்றார். மேற்கே கையைக் காட்டினேன். அந்த மலையடியில்தான் ஊர், இங்கிருந்து அரை மணி நேரம் என்றேன். அவர் அசந்துபோனார். 2020-ல் பிரதமர் வானொலியில் நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது சொன்ன பெயர்களில் கோம்பையும் ஒன்று என்று சொன்னேன். திரும்பும்போது அந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார். போயிருந்தால் சந்தோஷம்.

மறுநாள் மேகமலை. ரோடு அருமையாகப் போட்டிருக்கிறார்கள், வளைவு ஒவ்வொன்றுக்கும் சங்க இலக்கியப் பூவின் பெயர் வைத்திருக்கிறார்களாம். நாங்கள் அந்தப் பூக்களைப் பார்க்கவில்லை. அடிவாரச் சோதனைச் சாவடியிலேயே காவலர் ஏலாவைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார். 2021-லிருந்து இது புலிகள் காப்பகம், நாய்க்கு வரும் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றிவிடும், மேலே விட முடியாது. அவர் சொன்னது முழுக்கச் சரி. சரி என்று தெரிந்தும் நெஞ்சில் ஏதோ அடைத்தது. கருவாயன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஏறிய மலை அது. சுருளி அருவிக்கும் இதே கதைதான் என்றார். வண்டியைத் திருப்பினேன்.

"ஏங்க, யாரையாச்சும் கேட்டுப் பார்ப்பமா?" என்றாள் என் மனைவி, கம்பத்தை நெருங்கும்போது.

சுருளிப்பட்டி ரோட்டில் ஒரு திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்கடியில், பச்சை இருட்டில், பன்னீர்த் திராட்சை கொத்துக் கொத்தாகத் தலையில் இடிக்கிற மாதிரித் தொங்கியது. ஒரு பக்கம் கவாத்து முடிந்து மொட்டையாக, மறு பக்கம் வெட்டுக்குத் தயாராக. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய்ப்பு இருப்பதுதான் கம்பம் திராட்சையின் விசேஷம், 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. காவலுக்கு இருந்த வயதான அம்மாவிடம் என் மனைவி இறங்கிப் போய்ப் பேசினாள். எந்தத் தெரு, யார் மகள் என்றெல்லாம் அந்த அம்மா விசாரித்தாள். அவளுக்கு மாமாவைத் தெரியவில்லை. பிறகு காரிலிருந்து குதித்திறங்கிய ஏலாவைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கோம்பை நாயாத்தா? இப்ப யாரு வளர்க்கா இத... சரி, அந்த மோட்டார் ரூம்புப் பக்கமாப் படுத்துக்கங்க. நாயிக்குக் கம்மஞ்சோறு இருக்கு, தாரேன்."

மகளின் கூடாரம் பந்தலுக்கடியில் நிமிர இடமில்லை. நாற்காலியை மடக்கிவிட்டுப் பாயை விரித்தோம். எங்கள் இருவருக்கும் முழங்கால் வலி இருப்பதால் படுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஏலா கல்தூண்களை ஒவ்வொன்றாக மோந்து சுற்றிவந்து, தலைமாட்டில் படுத்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விடிவதற்கு முன்னால், ஆள் ஏற்றிக்கொண்டு மலைத்தோட்டம் போகும் ஜீப் ஒன்று ரோட்டில் கியர் மாற்றிக் கடந்தது. ஏலா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் என் மனைவி, முழுதும் விழிக்காமல், "அப்பா கிளம்பிட்டாரு" என்றாள்.