நாற்காலியை விட்டு எழாமல் ஆய்வு செய்வது எப்படி?

பினாங்கில் பயன்பாட்டு ஆய்வு செய்யப் புறப்படுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, புறப்படுவதுதான். வெயில் கொளுத்துகிறது, பாலத்தில் நெரிசல், ஜார்ஜ்டவுனில் காரை நிறுத்த இடமில்லை. வீட்டிலேயே கூகள் பாரம் இருக்கும்போது எதற்கு அலைச்சல்?

பயனீட்டாளர் சந்தை ஆய்விலிருந்து தொடங்குவோம். பட்டதாரிகளுக்குப் பிடித்த துறை. தலைப்புக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ரெட் டேவிஸ் என்ற அமெரிக்கர் 1989இலேயே வேலையை முடித்துவைத்திருக்கிறார். ஒரு கருவி பயன்படும் என்றும், கையாளச் சுலபம் என்றும் தோன்றினால் மக்கள் அதை ஏற்பார்கள் என்பது அவர் வகுத்த மாதிரி. கருவியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்: மின்பணப்பை, சாப்பாட்டுச் செயலி, கியூஆர் கட்டணம். கடைசியில் ‘பினாங்குப் பயனீட்டாளர்களிடையே ஓர் ஆய்வு’ என்று சேர்த்தால் புத்தம் புதிது.

எத்தனை பேரைக் கேட்பது? 384. கிரெய்சியும் மோர்கனும் 1970இல் போட்ட அட்டவணையில் பத்து லட்சம் பேருக்கு அதுதான் கணக்கு. பினாங்கில் இருப்பவர்கள் 17 லட்சம்; அதற்கும் அதுவே போதும். அந்த 384 பேரையும் குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் வகுப்பு மாணவர்கள், அவர்களுடைய வாட்ஸ்அப் குழுக்கள், உங்கள் மைத்துனியின் கோயில் குழு, இவ்வளவுதான் பினாங்கு.

கேள்விகளுக்கு 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் கொடுத்த கட்டங்கள் இருக்கின்றன, ஐந்து போதும். தலைப்பு பசுமைப் பொருள் என்றால், ஒரே கேள்வியை மூன்று முறை கேளுங்கள்: ‘பசுமைப் பொருள் வாங்க எண்ணுகிறேன்’, ‘வாங்கத் திட்டமிட்டுள்ளேன்’, ‘வாங்குவேன்’. மூன்றுக்கும் ஒரே பதில் வரும், பதில்கள் ஒத்துப்போவதை அளக்கும் குரோன்பாக் ஆல்ஃபா 0.7ஐத் தாண்டும், ‘நம்பகத்தன்மை உறுதிசெய்யப்பட்டது’ என்று எழுதிவிடலாம். பதில் சொன்னவர் சலித்துப்போய் நான்காம் கட்டத்தையே தட்டிக்கொண்டு போயிருந்தாலும் ஆல்ஃபா உயரத்தான் செய்யும். நல்ல மனசு அதற்கு.

ஆனால் ஒன்று. யார் என்ன வாங்குகிறார்கள் என்று மட்டும் போய்ப் பார்த்துவிடாதீர்கள். 2009 ஜூலையில் பினாங்கு அரசு, திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்றது. 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் கிடையாது என்றானது. வேண்டுமென்றால் அப்போது 20 சென். அந்த நாள்களில் லெபோ பசாரில் ஒரு மளிகைக் கடைக் கல்லா ஓரமாக நின்றிருந்தால் ஆபத்து விளங்கியிருக்கும்.

“ஆண்ட்டி, பை வேணுமா? இருபது சென்.”

“இருபது காசா? வேணாம்லா.”

அந்தம்மா கறிவேப்பிலையைக் கைப்பைக்குள் திணித்து, தேங்காயை அக்குளில் இடுக்கி, மீன்மசாலாப் பொட்டலத்தை முகவாயால் அழுத்திப் பிடித்தபடி குடையை விரிப்பார். ‘சுற்றுச்சூழல் பற்றி மிகவும் கவலைப்படுகிறேன்’ என்ற வரிக்கு அவர் ஐந்து போடுவார். அவருக்குப் பின்னால் நிற்கும் இளைஞரும் ஐந்து போடுவார். போட்டுவிட்டு, 20 சென் நீட்டிப் பை வாங்கிக்கொண்டு போவார். இதைப் பார்த்த பிறகு உங்கள் மாதிரி வரைபடத்திலுள்ள அம்புக்குறிகளை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்?

லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இப்படிப் போய்த்தான் மாட்டிக்கொண்டார். சீனர்மேல் வெறுப்பு மண்டிக்கிடந்த 1930களின் தொடக்கத்தில், ஒரு சீனத் தம்பதியோடு நாடு முழுக்கக் காரில் சுற்றி 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார். ஒரே ஓர் இடத்தில்தான் முடியாது என்றார்கள். பிறகு அந்த இடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, சீனர் வந்தால் சேர்ப்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல், மாட்டோம் என்றார்கள். 1934இல் இதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். கடிதத்தோடு நிறுத்தியிருந்தால் பெட்ரோல் செலவு மிச்சம். முடிவும் குழப்பமில்லாமல் இருந்திருக்கும்.

உள்ளூரிலும் கெட்ட உதாரணம் உண்டு. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை தலைமை தாங்கிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், கடைப் பொருளை வாங்கிவந்து சோதித்துப் பார்க்கும் பழக்கமுடையது. 1970களில், பிறைத் தொழிற்பேட்டைக் கழிவால் பிழைப்புக் கெட்ட குவாலா ஜூரு மீனவர்களிடம் நேரிலேயே போய்விட்டார்கள். ஐந்து கட்டப் பாரத்தை அங்கே நீட்டியிருந்தால் மீனவர்கள் என்ன செய்திருப்பார்களோ, நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

கல்வி ஆய்வில் இத்தனை சங்கடமில்லை. முன்தேர்வு, நடுவில் கஹூட் வினாடிவினா விளையாட்டு, பிறகு பின்தேர்வு. மதிப்பெண் கூடியிருக்கும். இடையில் பாடமும் நடத்தினீர்கள் என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். விளையாட்டில்லாமல் படித்த இன்னொரு வகுப்பு எங்கே என்று யாராவது கேட்டால், பள்ளியில் அந்த ஆண்டுக்கு ஒரே வகுப்புதான் என்று சொல்லுங்கள்; நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அது உண்மையும்கூட.

பொறியியல் என்றால் அறிவார்ந்த குப்பைத்தொட்டி. ஓர் அர்டுயினோ மின்பலகை, ஒரு மீயொலி உணரி, ஒரு சிறிய மோட்டார். கையை நீட்டினால் மூடி திறக்கும். காலால் மிதித்தால் திறக்கும் தொட்டி மின்கலமே இல்லாமல் இதைச் செய்கிறதே என்பவரிடம், அதில் தரவு இல்லை என்று சொல்லிவிடுங்கள். கண்காட்சிக்குக் கொண்டுபோங்கள், பதக்கம் கிடைக்கும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் பக்கம் மட்டும் வேண்டாம். 1972இல் இன்டெல் வந்து இறங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு கெட்ட பழக்கம்: பத்தாயிரம் செய்தால் எத்தனை பழுதாகும் என்று கேட்பார்கள்.

கடைசியாக ‘ஆய்வின் வரம்புகள்’. அடக்கமாக எழுதுங்கள்: ‘இந்த ஆய்வு பினாங்கில் மட்டுமே நடத்தப்பட்டது, வருங்கால ஆய்வாளர்கள் கெடாவிலும் நடத்தலாம்.’ அடுத்த ஆண்டு அந்த வருங்கால ஆய்வாளர் நீங்கள்தான். தலைப்பில் ஒரு சொல்லை அழித்து ஒரு சொல்லைப் போட்டால் முடிந்தது, அலோர் ஸ்டார்வரை போய்வர வேண்டியதில்லை. பெர்லிஸை அதற்கடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.