வீடும் ஆபீசும் இடைப்பட்ட ஜீவனும்

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்துப்போன எனக்கு, செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில், அடுத்தவர் குடை என் விலாவிலும் என் சாப்பாட்டுப் பை முன்பின் அறியாத ஒருவர் மடியிலுமாக நின்றுகொண்டு வரும் காலை வேளைகளில் அடிக்கடி எழும் சந்தேகம், அந்த நேரத்தில் நான் யாருக்குச் சொந்தம் என்பதே. வீட்டாரைக் கேட்டால் ஆபீசுக்குப் போய்விட்டார் என்பார்கள். ஆபீசைக் கேட்டால் இன்னும் வரவில்லை என்பார்கள்.

விதிப்புத்தகம் இதில் திட்டவட்டமாக இருக்கிறது. வீட்டிலிருந்து ஆபீசுக்கு வருவது அவனவன் சொந்த விவகாரம். உத்தரவின் பேரில் ஆபீசிலிருந்து வேறோர் இடத்துக்குப் போனால்தான் அது பிரயாணம். அதுவும் உள்ளூராக இருந்துவிட்டால், வழக்கமான பணியிடத்துக்கு 8 கிலோமீட்டருக்கு அப்பால் போயாக வேண்டும். ஏழரைக் கிலோமீட்டர் தூரத்தில் நடக்கும் கூட்டத்துக்கு அனுப்பப்பட்டவனுக்கு வெயில் உண்டு, வியர்வை உண்டு, படி கிடையாது. ஏழரை என்ற எண்ணுக்கு நம்மவர் அஞ்சுவது சனீசுவர பகவானால் மாத்திரமே என்று நினைப்பவர்கள், பயணப்படிப் பட்டியல் எழுதிப் பழகாத பாக்கியசாலிகள்.

தூரத்தை அளப்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் அதே சர்க்கார், ஐந்தாவது ஊதியக் குழுவின் புண்ணியத்தால் 1997 முதல் மாதந்தோறும் வழங்கிவரும் போக்குவரத்துப்படியில் மட்டும் தூரத்தைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. ஏழாவது குழுவின் கணக்குப்படி, சென்னை போன்ற பெருநகரில் ஒன்பதாம் நிலைக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 7,200 ரூபாய்; நடு நிலையில் இருக்கும் என் போன்றோருக்கு 3,600; கடைநிலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு 1,350; அவற்றின் மேல் அகவிலைப்படி வேறு. ஆபீசுக்கு அடுத்த தெருவில் குடியிருந்து, காப்பியின் சூடு நாவில் ஆறுமுன் வந்து அமர்ந்துவிடும் எங்கள் மேலதிகாரிக்கு முதல் தொகை. மதுராந்தகத்துக்கு அப்பாலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வரும் கடைநிலை ஊழியருக்குக் கடைசித் தொகை. சம்பளம் உயர உயர வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ள தூரமும் நீண்டுகொண்டே போகும் என்பது ஊதியக் குழுவின் பூகோள சாஸ்திரம் போலும்!

தூரத்துக்கான படி இப்படியென்றால், நேரத்துக்கான மிகைநேரப்படியின் சரித்திரம் சுருக்கமானது. 1991-இல் நிர்ணயித்த விகிதத்திலேயே அது யோக நித்திரையில் இருந்தது. 2018 ஜூனில், ஆபீசை இயக்கும் பணிகளில் நேரடியாக ஈடுபட்டவர்கள், சட்டப்படி உரிமையுள்ளவர்கள் ஆகியோரைத் தவிர மற்றவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதன்பின் மாலை ஆறு மணிக்கு மேல் கோப்புடன் அமர்ந்திருப்பது நிஷ்காம்ய கர்மமாகிவிட்டது.

வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடைப்பட்ட நேர விஷயத்தில் பிற தேசத்தாரும் கர்ணப் பிரபுக்கள் அல்லர். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று அமெரிக்கர்கள் 1947-இலேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் மட்டும் 2015-இல், நிலையான ஆபீஸ் இல்லாமல் வீட்டிலிருந்து நேரே வாடிக்கையாளரிடம் போகிறவனுக்கு அந்தப் பிரயாணமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. இதைக் கேள்வியுற்ற என் சகா ஒருவர், எங்கள் இருவரின் மேஜை நாற்காலிகளையும் அகற்றி எங்களை நிலையற்றவர்களாக்க வேண்டுமென்று ஒரு மனுவைத் தயாரித்து என்னிடமும் கையெழுத்து வாங்கினார். மனு பிரிவு அதிகாரியிடம் இருக்கிறது. அது ரயிலில் எழுதப்பட்டதா, ஆபீஸ் நேரத்தில் எழுதப்பட்டதா என்று விளக்கம் கேட்டிருக்கிறார்.