அடைப்பை எடுத்தாச்சா?

கேள்வி: “அடைப்பை எடுத்துட்டாங்க” என்கிறார் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட மாமா. எடுத்ததை ஏன் யாரும் கண்ணில் காட்டவில்லை?

பதில்: எடுத்திருந்தால்தானே காட்டுவதற்கு! பலூனை ஊதிக் கொழுப்பை ரத்தக்குழாயின் சுவரோரம் தள்ளுகிறார்கள். மறுபடி சுருங்காமல் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் முட்டுக்கொடுக்கிறது. டவுன் பஸ் கண்டக்டர் ‘உள்ளே போ, உள்ளே போ’ என்று வழி பண்ணுவது மாதிரிதான். ஒருத்தரும் இறங்கியிருக்க மாட்டார்.

கேள்வி: யாருக்குத் தோன்றிய யோசனை இது?

பதில்: அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த சார்லஸ் டாட்டருக்கு. 1964 ஜனவரியில், காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டி ஒருவரின் தொடைத் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, அதன் மேலேயே தடித்த குழாயைச் செலுத்தி வழி திறந்தார். கால் தப்பியது, டாக்டருக்குத்தான் ‘கிறுக்கு சார்லி’ என்று பெயர். பிறகு ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக், வீட்டுச் சமையலறை மேஜையில் பலூன் ஒட்டி ஒட்டிப் பார்த்து, 1977 செப்டம்பரில் இதயத் தமனிக்கே போய்விட்டார். 38 வயது நோயாளி விழித்தபடி படுத்திருந்தார்.

கேள்வி: அடைப்பைச் சுரண்டியெடுக்கக் கருவியே கிடையாதா?

பதில்: உண்டே! ரோட்டாபிளேட்டரின் முனையில் வைரத்தூள் பதித்த குமிழ். நிமிடத்துக்குச் சுமார் 1,50,000 சுற்று. அரைபட்ட துகள் சிவப்பணுவைவிடச் சிறியது என்பதால் ரத்தத்தோடு போய்விடும். சீவிச் சீவிச் சேகரிக்கும் கத்தியும் வந்தது. பலூனுக்கு இனி வேலையில்லை என்றார்கள். 1993இல் இந்தக் கத்தியையும் பலூனையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நோயாளிக்குப் பெரிய லாபமில்லை, சிக்கல்தான் கூடுதல். காயம்பட்ட சுவர் தழும்பேறி மறுபடி வழியை அடைப்பது பலூன், கத்தி எல்லாவற்றுக்கும் பொதுவான தலைவலி. வைரக் குமிழுக்கு இன்று வேலை பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்து கல்லாகிப்போன அடைப்புகளில். அதிலும் போட்டி வந்துவிட்டது: சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலையைப் பலூனுக்குள் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: தானாகக் கரையும் ஸ்டென்ட் என்னவாயிற்று?

பதில்: ‘அப்சார்ப்’ என்ற அந்த ஸ்டென்ட் முழுதாகக் கரைய ஏறக்குறைய மூன்று ஆண்டு. அதற்குள் அதில் ரத்தம் உறைவது அதிகம் என்று தெரியவந்து, 2017இல் விற்பனை நின்றது. ஸ்டென்ட்டுக்கு முன் நம்பிக்கை கரைந்தது.

கேள்வி: பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றை வினிகரோடு காய்ச்சிக் குடித்தால் அடைப்பு ஓடிவிடுமாமே?

பதில்: வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. வினிகரை விட்டுவிட்டால் ரசம் வைக்கலாம்.

கேள்வி: தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த டாக்டர் உண்டா?

பதில்: வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் ஜெர்மனியின் எபெர்ஸ்வால்டேயில், சிறுநீர் வடிக்கும் குழாயைத் தன் கைச்சிரை வழியே இதயம் வரை 65 செ.மீ. செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 1956இல் நோபல் பரிசு வந்தபோது அவர் இதய டாக்டர் இல்லை, யூராலஜிஸ்ட். குழாய் எந்தத் துறையுடையதோ, அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தார்!