148ஆ, 154ஆ?

போர்ட்லண்ட், ஆரிகன்

அன்புள்ள அக்கா,

இதை அத்தானிடம் கொடு. அம்மா கண்ணில் படவேண்டாம். நான் இங்கே வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். குடிக்க இல்லை, சத்தியமாக. எழுத்து வேலைக்கு.

இந்த நாட்டில் அது குற்றமில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி ஆளுக்கு வருடத்துக்கு 100 காலன், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 200 காலன் தயாரிக்கலாம். நம் கணக்கில் 750 லிட்டருக்கு மேல்! நம் ஊரில் இதைச் செய்தால் மதுவிலக்குப் போலீஸ் அடுப்போடு அள்ளிக்கொண்டு போகும். ஆனால் காய்ச்சி வடித்துச் சாராயமாக்கினால் இங்கேயும் கம்பிதான்.

சங்கத்தார் தங்கள் பக்குவங்களை ஒரு விக்கியில் எழுதிவைக்கிறார்கள். யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். 1995இல் உலகின் முதல் விக்கியைத் தொடங்கிய வார்டு கன்னிங்காம் இந்த போர்ட்லண்ட்காரர்தான் என்பதில் இவர்களுக்குத் தனிப் பெருமை. இந்தியன் என்றால் கம்ப்யூட்டர் தெரியும் என்று முடிவுகட்டி, முதல் கூட்டத்திலேயே விக்கியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நேரில் பார்த்தால் எல்லாரும் தங்கமானவர்கள். விக்கிக்குள் போனால்தான் சுயரூபம். முளைகட்டி உலர்த்திய பார்லியை ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவைப்பார்கள். பாரன்ஹீட்டில் 148 டிகிரி சூடு இருந்தால் மாவுச்சத்தில் பெரும்பகுதி ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாகிவிடும். பீர் லேசாக இறங்கும். 154 என்றால் ஈஸ்ட்டுக்கு வசப்படாத சர்க்கரை மிஞ்சும். பீர் நாக்கில் தங்கும். சங்கத்திலுள்ள ஓய்வுபெற்ற வாத்தியார் 148 கட்சி. பஸ் டிரைவர் ஒருவர் 154 கட்சி. ராத்திரி வாத்தியார் எண்ணைத் திருத்துவார். விடியற்காலையில் முதல் பஸ் எடுக்கும் முன் டிரைவர் அதை மாற்றிவிடுவார். திருத்தத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. வாத்தியார் அதில் “எழுத்துப் பிழை” என்று போடுவார். டிரைவர் “பிழை திருத்தத்தில் பிழை” என்பார். விக்கியில் பழைய பதிப்பு எதுவும் அழியாது என்பதால் இந்தச் சண்டை முழுவதும் பத்திரமாக இருக்கிறது. மாதக் கூட்டத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் பீரை ஒருவர் ருசித்துப் “பிரமாதம்” என்கிறார்கள்!

கடைசியில் அவரவர் பக்குவத்துக்கு அவரவர் பக்கம், மற்றவர்கள் கருத்தை உரையாடல் பக்கத்தில் எழுதலாம் என்று விதி வந்தது. இப்போது பக்குவம் அரைப் பக்கம், உரையாடல் ராமாயணம்.

நடுவில் மாத்திரை விளம்பரக்காரர்கள் புகுந்து, பீர் பக்கமெல்லாம் வழுக்கை மருந்தாக்கிவிட்டார்கள். அதைத் தடுக்க, உள்ளே வருகிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்று வைத்தேன்: “பீருக்குக் கசப்புத் தருவது எது?” ஹாப்ஸ் என்றால் கதவு திறக்கும். சங்கத்தின் மூத்த உறுப்பினர் பாவம், இந்த ஆரிகனிலேயே உருவாகி 1972இல் வெளிவந்த ஹாப்ஸ் ரகமான ‘காஸ்கேட்’ பெயரை எழுதிவிட்டு வாசலிலேயே நின்றார். விவரம் தெரிந்தவர்களை வடிகட்டுவதில் கம்ப்யூட்டருக்கு நிகரில்லை.

போன வாரம் புளிக்கவைக்கும் பண்டங்கள் என்று ஒரு பகுதி திறந்தார்கள். நான் இட்லி மாவைப் பற்றி எழுதினேன். இந்தக் குளிரில் மாவை ஓவனுக்குள் விளக்குப் போட்டு வைக்கவேண்டும் என்பது உள்பட. காலையில் பார்த்தால் “ஒரு பாக்கெட் ஈஸ்ட் சேர்க்கவும்” என்று யாரோ புண்ணியவான் திருத்தியிருக்கிறார்! உளுந்தோடு வரும் பாக்டீரியாவே பொங்கவைத்துவிடும் என்று எழுதி, பழைய பதிப்பை மீட்டேன். ஆதாரம் என்ன, அளவு என்ன என்கிறார்கள்.

ஆகவே அக்கா, அம்மாவிடம் நைசாகப் பேசி, இட்லி அரிசிக்கு உளுந்து எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு என்று கிராம் கணக்கில் எழுதி அனுப்பு. “ஒரு கை” என்று மட்டும் எழுதிவிடாதே; யாருடைய கை என்று கேட்பார்கள்.

உன் அன்புத் தம்பி