டேப்லட்டுக்கு லினக்ஸ் வரன்

கேள்வி: பழைய லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி அரை மணியில் லினக்ஸ் போட்டுவிட்டேன். அலமாரியில் தூங்கும் ஆண்ட்ராய்டு டேப்லட்டில் மட்டும் ஏன் முடியவில்லை?

பதில்: லேப்டாப்பில் யூ.இ.எஃப்.ஐ. என்றொரு கல்யாணத் தரகர் உண்டு. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று லினக்ஸுக்கு அவரே சொல்லிவிடுவார். பெரும்பாலான ஏ.ஆர்.எம். டேப்லட்டுகளில் அந்தத் தரகர் கிடையாது. திரை எங்கே, பேட்டரி எங்கே என்று ‘டிவைஸ் ட்ரீ’ எனும் ஜாதகத்தை ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது தனியாக எழுதித் தரவேண்டும். எழுத ஆளில்லாத மாடல்கள்தான் அதிகம்.

அதற்கும் முன்னால், சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கவேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் படங்களும் ஃபைல்களும் பொதுவாக அழிந்துபோகும். சில டேப்லட்டுகளில் திறக்கவே விடுவதில்லை: 2012-இல் வந்த சர்ஃபேஸ் ஆர்.டி. டேப்லட்டில், அந்நிய சிஸ்டத்தைத் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைக்க மைக்ரோசாஃப்ட் வழியே வைக்கவில்லை. (காசு கொடுத்தவருக்கே அனுமதியில்லை!) ஆனால் அதே ஆண்டு வந்த நெக்ஸஸ் 7 டேப்லட்டில் கனோனிக்கல் நிறுவனம் தானே உபுண்டு லினக்ஸை ஏற்றிக் காட்டியது. இப்படி லினக்ஸ் ஏற்றிய பிறகு கேமரா வேலை செய்யாமல் போவதெல்லாம் சகஜம்.

மொபைல் கருவிகளுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் பட்டியலில் உங்கள் மாடல் இருந்தால், ஃபைல்களைப் பத்திரப்படுத்திவிட்டுத் துணிந்து இறங்குங்கள். இல்லையென்றால் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, ஆண்ட்ராய்டுக்குள்ளேயே லினக்ஸ் கமாண்ட் அடித்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.