நடராஜருக்கே போலி ஆவணம்!

ஆதாரையும் திருடுகிறார்கள், பூட்டிய வீட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறார்கள். இனி கடவுள்தான் காப்பாற்ற வேண்டுமா?
– ஜெயங்கொண்டம் வாசகர்

கடவுளையே காப்பாற்றியது எது தெரியுமா? ஒரு புகைப்படம்!

உங்கள் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில், பூட்டிக்கிடந்த கோயிலுக்குள் 2006-இல் புகுந்து நடராஜரைத் தூக்கிப் போனார்கள். அதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. பல்லாண்டுக்கு முன்பே வெளிநாடு போய்விட்ட சிலை என்று பொய்க் காகிதம் தயாரித்தார்கள். அதை நம்பி, கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 2008-இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த, அந்தச் சிலையின் பழைய படத்தோடு ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது. 2014-இல் நடராஜர் நாடு திரும்பினார்.

நீங்களும் வீட்டு நகை, பத்திரம் எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து, வேறோர் இடத்தில் வையுங்கள். ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டும் வசதி இருக்கிறது. கதவுக்குப் பூட்டுப் போடுகிறோமே, கைரேகைக்கும் போடலாம். கணக்கிலிருந்து பணம் போனால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.